அண்டாவும் இரண்டாம் பாகமும்

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார், மாப்பிள்ளை. "அடுத்த வீட்டுப் பாத்திரம் உன் வீட்டுக்கு வந்துச்சுன்னா..." இதுவரைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒரு விரலைத் தூக்குவார். அதற்கு மேல் என்ன சொல்வார் என்பதுதான் மறந்துபோயிற்று. வெறும் பாத்திரமாகத் திருப்பாதே என்றாரா, முதலிலேயே வாங்கித் தொலைக்காதே என்றாரா, தெரியவில்லை. எது என்று தெரிந்திருந்தால் நீங்கள் இப்படி மத்தியான வெயிலில் லோடு ஆட்டோவில் அண்டாவை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டாம்.

இருங்க, இருங்க. மூடியைத் திறக்காதீங்க. தாம்பாளம் அப்படியே இருக்கட்டும். உங்க மாமனார் உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று தெரியுமா? தெரியாதா? நல்லது. தெரிந்தாலும் சொல்லாதீங்க. உட்காருங்க. உலகம்மை, மாப்பிள்ளைக்கு மோர் கொண்டா.

எட்வின்தானே உங்க பெயர்? கல்யாணமாகி நாலு மாதம் இருக்குமா? பெண் எடுத்த வீட்டைப் பற்றி ஒரு மனுஷன் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் எந்தப் பக்கமும் சாயாமல் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் கோபப்படுகிற ஆளே இல்லை. இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இஸ்திரிக்காரரை மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் முறை. குற்றாலநாதன் என்று ஒருவன் இருந்தான். முன்சீப் கோர்ட் அமீனா சிவகாமிநாதனின் தம்பி மகன். பத்தாவது வரை தமிழில் படித்தான், அதற்கு மேல் இங்கிலீஷில் படித்தான், இரண்டிலும் அளவாகப் பேசுவான். அது நான். வயது நாற்பத்தெட்டு. உலகம்மை என்பவள் கடையநல்லூர் மளிகைக்கடை ஆவுடைநாயகத்தின் மகள். அளவாகப் பேசமாட்டாள். அதோ மோர் கொண்டு வருகிறாளே, அவள்.

ஹல் என்று இங்கிலாந்தில் கடலோரமாக ஓர் ஊர். பதினாறு வருஷம் அங்கே மீனை உறைய வைக்கிற கம்பெனியில் குளிர்சாதன இன்ஜினியர். நாங்கள் சைவம். டன் டன்னாகக் குளிர வைத்திருக்கிறேனே தவிர ஒரு முள்ளைக்கூடத் தொட்டதில்லை. இரண்டாவது வருஷம் ஒரு நாள் மழைக்கு ஒதுங்க ஒரு பழைய சாமான் கடைக்குள் போனேன். பழைய கோட்டு, பழைய பீங்கான், ஒரு தட்டில் பழைய புத்தகம். கையில் அகப்பட்டதைப் பிரித்தேன். கரையில் ஒரு திமிங்கலம் ஒதுங்கியிருக்கிறது. தலை ஒருவன் நிலத்தில், வால் பக்கத்து நிலத்துக்காரன் நிலத்தில். திமிங்கலம் யாருக்கு? அவ்வளவுதான், மாப்பிள்ளை. மழை விட்டது, நான் விடவில்லை. கடையைப் பூட்ட வேண்டும் என்று அந்த அம்மாள் வந்து தோளைத் தட்டினாள்.

அதற்குச் சாகா என்று பெயர். ஐஸ்லாந்துக்காரர்கள் எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்தது. ராஜா ராணி எல்லாம் கொஞ்சம்தான். பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சண்டை. வைக்கோல் யாருடையது, குதிரை யார் வேலியைத் தாண்டியது, சாட்சி யார், வழக்கு எந்தச் சபையில். நம் ஊரில் நூறு வருஷம் வக்கீல் வைத்து நடத்துவதை அவர்கள் கோடாலி வைத்துச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். ஆனால் எழுதியிருக்கிற விதம் இருக்கிறதே! யாரும் அழுவதில்லை. நெஞ்சு வெடித்தது, மனசு கனத்தது என்று ஒரு வரி கிடையாது. மகன் செத்துப்போன செய்தி வரும். 'அன்று அவர் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார்' என்று எழுதுவார்கள். முடிந்தது. அதே மாதிரி ஒரு ஆளின் வேலை தீர்ந்துவிட்டால், 'இவர் இனி இந்தக் கதையில் வரமாட்டார்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எவ்வளவு நிம்மதி! நம் கல்யாண வீடுகளில் இந்த வசதி இருந்தால் பந்தி எவ்வளவு சீக்கிரம் முடியும்!

சேர்க்க ஆரம்பித்தேன். இங்கிலீஷில் எத்தனை பேர் மொழிபெயர்த்திருக்கிறார்களோ அத்தனையும். பதினாலு வருஷத்தில் நாற்பது புத்தகம். எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பழுப்புக் காகித அட்டை, லேபிள். ஊர் திரும்பும்போது கப்பலில் சாமான் அனுப்ப எடைக் கணக்கு இருந்தது. புத்தகமா, உலகம்மையின் வாஷிங் மெஷினா என்று வந்தது. நாங்கள் பேசி முடிவெடுத்தோம். அதாவது நான் பேசினேன். மெஷின் ஹல்லிலேயே நின்றுவிட்டது, புத்தகம் இங்கே பின் ரூம் அலமாரியில் நிற்கிறது. நாலு வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. துணியைக் கல்லில் அடிக்கும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் அதிகமாக வரும்.

அந்த நாற்பதில் முதல் புத்தகம், அந்தத் திமிங்கலப் புத்தகம், முதல் பாகம் மட்டும்தான். அதை நான் அப்போது கவனிக்கவில்லை. ஆட்டுக்காரன் ஒருவன், குதிரைக்காரன் ஒருவன். உண்மைப் பெயர் உங்கள் வாயில் நுழையாது, இப்படியே வைத்துக்கொள்வோம். திமிங்கலத்தில் ஆரம்பித்து, முந்நூறு பக்கம் சண்டை வளர்ந்து, கடைசியில் விடியற்காலையில் குதிரைக்காரன் முப்பது ஆட்களோடு வந்து ஆட்டுக்காரன் வீட்டைச் சூழ்ந்துகொள்கிறான். ஆட்டுக்காரன் உள்ளே தனியாக இருக்கிறான். எழுந்து கதவைத் திறக்கிறான். 'அவர்களைப் பார்த்து அவன் சொன்னான்:' என்று இரண்டு புள்ளி. முதல் பாகம் முற்றிற்று.

இரண்டு புள்ளி, மாப்பிள்ளை! அச்சடித்தவன் எந்த மனசோடு அந்த இடத்தில் வெட்டினானோ!

பதினெட்டு வருஷமாக இரண்டாம் பாகத்தைத் தேடுகிறேன். லண்டனில் தேடினேன், எடின்பரோவில் தேடினேன். அதே மொழிபெயர்ப்பு, அதே அச்சு வேண்டும். வேறு ஒருத்தர் மொழிபெயர்ப்பில் படித்தால் அது அந்த ஆட்டுக்காரன் சொன்னதாகாது. கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷத்தில் கிடைக்கும் என்று என் மகள் கயல் சொன்னாள். கயல் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் இனி இந்தக் கதையில் வரமாட்டாள்.

போன ஆனி மாதம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் பைண்டிங் கடைக்கு முதல் பாகத்தைக் கொண்டுபோனேன். முதுகு பிய்ந்திருந்தது. பைண்டர் சுடலைமணி வாங்கிக் காகித அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ஒண்ணு போன வாரம் வந்துச்சே, சார்" என்றார்.

"இதே மாதிரி என்றால்?"

"இதே செவப்பு, இதே எழுத்து. அதுல ரெண்டுன்னு போட்டிருந்துச்சு. உங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி, பாக்கியநாதன் சாரு."

அன்று நான் குறைவாகப் பேசினேன். சுடலைமணி இனி இந்தக் கதையில் வரமாட்டார்.

பாக்கியநாதன் என்று ஒருவர் இருந்தார். உங்களுக்கு மாமனார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் முப்பது வருஷம். அவர் சொன்னது: மரம் ஏற்றி வந்த ஒரு கப்பலின் சமையல்காரன் போகும்போது ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான். இங்கிலீஷ் பழக அதை எடுத்துப் படித்தார். இருபத்தேழு வருஷமாகப் படிக்கிறார். அதற்கப்புறம் அவரும் தேடித் தேடிச் சாகாக்களாகவே வாங்கி, ஹாலில் ஒரு சுவர் முழுக்க அடுக்கிவிட்டார். நீங்களே பார்த்திருப்பீங்க. ஆனால் அந்த ஒன்றின் முதல் பாகம் மட்டும் கிடைக்கவில்லை. யார் யாரை எப்படி வெட்டினார்கள் என்று அவருக்கு வரி வரியாகத் தெரியும். ஏன் வெட்டினார்கள் என்று தெரியாது. எனக்கு ஏன் என்று மட்டும்தான் தெரியும்.

போய்ப் பார்த்தேன். டீச்சர், உங்க மாமியார் சுகிர்தம் டீச்சர், காப்பி கொடுத்தார். நல்ல காப்பி.

"முதல் பாகம் உங்ககிட்ட இருக்காமே, தம்பி?" என்றார்.

"இருக்கிறது. இரண்டாம் பாகம் உங்களிடம்?"

"இருக்கு."

காப்பியைக் குடித்து முடித்தோம். பிறகு அவர் மெதுவாக, "அதுல மொத வரியே என்ன தெரியுமா..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீர்கள்!" என்று எழுந்துவிட்டேன். பதிலுக்கு நானும், "அந்தத் திமிங்கலம் இருக்கிறதே..." என்றேன்.

"ஐயோ, சொல்லாதீரும்வே!" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கேட்டால் கொடுத்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. கேட்பவன் கீழே, கொடுப்பவன் மேலே. சாகாவில் முதல் பாடம் அது. அவரும் கேட்கவில்லை. அவரும் அதே பாடம் படித்தவர்தானே. ஆனால் ஒரு வழி உண்டு. பரிசு கொடுத்தால் வாங்கினவன் அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திருப்பிக் கொடுக்க முடியாமல் திணறி, கடைசியில் கையில் இருப்பதிலேயே பெரியதைக் கொண்டுவந்து நீட்டுவான். அந்த மாதிரி ராஜாக்களையே மடக்கியிருக்கிறார்கள். இது சண்டை இல்லை. நாகரிகமான ஏற்பாடு.

ஆடி முதல் வெள்ளி, உலகம்மை சொதி வைத்தாள். ஒரு தூக்குச்சட்டி நிறைய நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே தூக்குச்சட்டி திரும்பி வந்தது. உள்ளே கழுத்து வரைக்கும் அச்சு முறுக்கு.

நான் உடனே புரிந்துகொண்டேன். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த வாரம் சம்படத்தில் முப்பது கொழுக்கட்டை அனுப்பினேன். முழுக் கேக் ஒன்று வந்தது. ஆடி மாதத்தில் கிறிஸ்துமஸ் கேக், மாப்பிள்ளை! பலாப்பழம் அனுப்பினேன். வாழைத்தார் வந்தது. அதுவும் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். உலகம்மைக்கு முதல் மாதம் வாயெல்லாம் பல். இரண்டாவது மாதம், "ஏங்க, நீங்க அந்த மனுசன்கிட்ட வாயத் தொறந்து கேட்டா என்ன? நான் கொழுக்கட்டை பிடிச்சுப் பிடிச்சு விரல் மடங்க மாட்டேங்கு" என்றாள். பெண்களுக்கு இந்த ராஜதந்திரம் பிடிபடாது.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. எதை அனுப்பினாலும் அன்றைக்கே பதில் வருகிறது. சூட்டோடு சூடாகத் திருப்பினால் என்ன அர்த்தம்? உன் பரிசு என் வீட்டில் ஒரு ராத்திரி தங்கக்கூட லாயக்கில்லை என்று அர்த்தம். நான் கோபப்படவில்லை. முறைப்படி வழக்குத் தொடுத்தேன். சாட்சிகளை வைத்துக்கொண்டு எதிரி வீட்டு வாசலில் நின்று குற்றத்தை உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் விதி. காலை ஆறரை மணிக்குப் பால்காரரையும் இஸ்திரிக்காரர் பேச்சிமுத்துவையும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். "பால்காரரைச் சாட்சியாக அழைக்கிறேன், பேச்சிமுத்துவைச் சாட்சியாக அழைக்கிறேன், பரிசை அவமதித்த குற்றத்துக்காகப் பாக்கியநாதனை..." என்று ஆரம்பித்தேன்.

மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷை எடுத்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "செல்லாதுவே! சாட்சி ரெண்டு பேரும் அக்கம்பக்கத்துல குடியிருக்கணும்! பேச்சிமுத்து வீடு சமாதானபுரம்! செல்லாது, செல்லாது!"

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

பேச்சிமுத்து, "சார், எனக்குப் பொட்டி சூடாறிருமே" என்று கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் என் வேட்டியை அவர் வாங்குவதில்லை. உங்க மாமனாரோ சட்டைகூடப் போடாமல் மாடியிலிருந்து ஓடி வந்து, பேஸ்ட் நுரையோடு என் கையைப் பிடித்து, "அடுத்த விசாரணை என்னைக்குவே? வெள்ளிக்கிழமை வாரும், இட்லி இருக்கும்" என்றார். முகமெல்லாம் சிவந்து கண்ணில் தண்ணீர். எவ்வளவு திமிர் பாருங்க. நான் விடவில்லை. எல்லா வெள்ளிக்கிழமையும் போனேன். ஒரு விசாரணையைக்கூடத் தவறவிட்டதில்லை.

இந்தக் காலத்தில்தான் உலகம்மைக்கும் டீச்சருக்கும் பழக்கம் முற்றியது. ஒரு நாள் அவர்கள் வீட்டு கேட்டருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வாதம் பண்ணிக்கொண்டிருந்ததால் அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது.

"எங்க பின் ரூம் பூரா அதுதான் டீச்சர். குழாய் இருக்கு, பிளக் இருக்கு, எடம்தான் இல்ல."

"எனக்கு ஹாலே போச்சு உலகு. ஜெனி கல்யாணமாகிப் போனப்புறம் மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு. ரெண்டையும் அங்க சேத்துப் போட்டுட்டா என்ன?"

"ஆளையுமா டீச்சர்?"

ரெண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னமோ துணி மூட்டை விஷயம் என்று நினைக்கிறேன்.

நவராத்திரிக்கு ஒரு வாளிச் சுண்டல் அனுப்பினேன். இனி அவரால் தாங்க முடியாது என்று கணக்கு. மறுநாள் இந்த அண்டா வந்தது. இதே அண்டாதான். உள்ளே நாற்பது பேருக்குப் பிரியாணி, எங்களுக்காகக் காய்கறி மட்டும் போட்டது. தெருவுக்கே கொடுத்தோம். நாய்கூடத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் நான் குளித்துவிட்டு வருகிறேன். அண்டாவைக் காணோம். அலமாரியில் முதல் பாகம் இருந்த இடத்தில் ஓட்டை.

"உலகம்மை, அண்டா எங்கே?"

"குடுத்தனுப்பிட்டேன். எத்தன நாள் அடுத்த வீட்டு ஏனத்தை வச்சிருக்க?"

"உள்ளே என்ன வைத்தாய்?"

"வெறும் ஏனமாவா குடுக்க முடியும்? வீட்டுல ஒண்ணுமில்ல. மாவு தீந்துபோச்சு. கையில கெடச்சதப் போட்டேன்."

கூடையில் இரண்டு கிலோ கத்தரிக்காய் இருந்ததை நான் பார்த்தேன். சொத்தையாக இருந்திருக்கும்.

அதிலிருந்து பதினொரு நாள், மாப்பிள்ளை. எனக்கு ஒன்றும் இல்லை. வழக்கமாக எட்டு இட்லி சாப்பிடுவேன். முதல் நாள் ஆறு சாப்பிட்டேன். மூன்றாம் நாள் நாலு. ஒன்பதாம் நாள் இரண்டு வைத்தாள், அதில் ஒன்றைக் காக்கைக்கு வைத்தேன். வெள்ளிக்கிழமை விசாரணைக்கும் போகவில்லை. எப்படிப் போவேன்? இரண்டு பாகமும் அவர் வீட்டில். முழுத் திமிங்கலமும் அவர் நிலத்தில். பத்தாம் நாள் உலகம்மை பின் ரூமில் டேப் வைத்து அலமாரியை அளந்துகொண்டிருந்தாள். என்ன என்றேன். "கயல் கேட்டா" என்றாள். சொன்னேனே, கயல் இந்தக் கதையில் வரமாட்டாள் என்று. வந்துவிட்டாள்.

இன்றைக்குப் பதினொன்றாம் நாள். நீங்க வந்திருக்கீங்க. அண்டாவுக்கு லோடு ஆட்டோ, சரி. ஆனால் வண்டியில் காலி அட்டைப்பெட்டி ஏழெட்டு இருக்கிறதே, ஒரு கட்டுச் சணல் கயிறும்? டீச்சர் ஏற்றிவிட்டாரா? போகிற வழியில் எங்காவது போட்டுவிட்டுப் போகச் சொல்லியிருப்பார். டீச்சர் எதையும் வீணாக்கமாட்டார்.

சரி. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதற்குள்ளே இனிப்பு இருந்தால், என் முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு அதற்கு இனிப்பை விலையாக அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். அதற்கப்புறம் நான் அந்தத் தெருப்பக்கம் போகமாட்டேன். முதல் பாகமே திரும்பி வந்திருந்தால், வேண்டாம் என்று தள்ளிவிட்டார், அதுவும் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் நான் வேறு ஏதாவது வேலை பார்க்க வேண்டியிருக்கும். என்ன வேலை என்று யோசித்தேன். தோன்றவில்லை.

உலகம்மை, நீயே திற. நான் பார்க்கவில்லை. என்ன? சத்தமாகச் சொல்லு.

ரெண்டா?

ரெண்டு பாகமும் வைத்திருக்கிறாரா? கொடு இப்படி. புது அட்டை போட்டிருக்கிறார், பழுப்புக் காகிதம். லேபிளில் என் பெயர். ரெண்டிலும் என் பெயர். சே! ஜெயித்துவிட்டார், மாப்பிள்ளை. இருபத்தேழு வருஷம் வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டார். இதைவிடப் பெரிதாக நான் எதைக் கொடுப்பேன்? சுண்டலா கொடுப்பேன்?

என் கண்ணாடியை எடு, உலகம்மை. இல்லை, அது தூரத்துக்கு, மற்றது.

இதோ. இரண்டாம் பாகம், முதல் பக்கம், முதல் வரி. வாசலில் முப்பது பேர் ஈட்டியோடு நிற்கிறார்கள், மறந்துவிடாதீங்க. அவர்களைப் பார்த்து ஆட்டுக்காரன் சொல்கிறான். தமிழில் சொல்கிறேன், கேளுங்க:

'நேரங்கழித்து வந்திருக்கிறீர்கள். கூழ் ஆறிப்போயிற்று. உள்ளே வாருங்கள்.'

ஒன்றுமில்லை, மாப்பிள்ளை. அலமாரியில் ரசகற்பூரம் போட்டு வைத்திருக்கிறேன், அந்த நெடி கண்ணுக்கு ஆகாது. மோரைக் குடிங்க.

ம்.

உலகம்மை, பின் ரூம் சாவியைக் கொடு. மாப்பிள்ளை, அந்த அட்டைப்பெட்டிகளை உள்ளே கொண்டாங்க. இந்த இரண்டும் இங்கே இருக்கட்டும். மற்ற முப்பத்தொன்பதும் அண்டாவோடு போகட்டும்.